அறுபது தாண்டின அம்மாமார் விரும்பினபடி உடுத்தினால் எங்களுக்கு ஏன் குத்துகிறது?

கிளுவைவேலி (கோண்டாவில்):

கொஞ்ச நாளாக வீட்டில் இதே கதைதான். வெளியாரின் கருத்தும் வேண்டும் என்பதால் இங்கே போடுகிறேன்.

என் அம்மாவுக்கு 67 வயது. கச்சேரியில் (அரச செயலகத்தில்) வேலை செய்து ஓய்வு பெற்றவர். அப்பா இறந்த பிறகு சாம்பல், மங்கின நீலம், வெளிறின பழுப்பு என்றுதான் உடுத்திக்கொண்டு திரிந்தார். பிறகு மெல்ல மெல்ல மாறத் தொடங்கினார். இப்போது தலைக்கு டை அடிப்பதில்லை. வெள்ளை முடியைக் கழுத்தளவில் வெட்டி விட்டிருக்கிறார். கிளிப்பச்சை நூல் சாறி, அதற்குச் செம்மஞ்சளில் பெரிய பூப்போட்ட சட்டை. காதில் பழைய ஐந்து ரூபாய்க் குற்றியை விடப் பெரிய வெள்ளித் தோடு. குதிக்கால் நோ இருப்பதால் சாறிக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்து. இந்தக் கோலத்தில் ஸ்கூட்டி ஓடி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வருவார். பார்க்க அவ்வளவு வடிவு.

ஆவணியில் சொந்தத்துக்குள் ஒரு கலியாணவீடு வருகிறது. அம்மா அரக்குச் சிவப்பில் ஒரு பட்டு எடுத்து வைத்திருக்கிறார். பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "புருசன் இல்லாதவள் மணவறைக்கு முன்னால சிவப்போட நிக்கிறதே?" என்று கேட்டுவிட்டார். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற அண்ணாவும் வீடியோவில் வந்து, "சனம் கதைக்குது அம்மா" என்கிறார். இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தன் பழைய அட்டியலையும் இரண்டு காப்பையும் உருக்கி, தான் கீறி வைத்திருக்கிற மாதிரியில் ஒரே அகலக் காப்பாகச் செய்விக்க வேண்டும் என்கிறார். அது பேத்திக்கு என்று வைத்தது என்று அண்ணா நிற்கிறார்.

நான் அம்மா பக்கம். ஆனால் சண்டை பிடிக்காமல் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. அப்புறம், வயதானவர்களுக்குப் பொறுமையாகச் சட்டை தைக்கிறவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

பருத்தித்துறைக் காற்று:

தங்கச்சி, கோபிக்க வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். என் அம்மா அப்பாவுக்குப் பிறகு வெள்ளையைத் தவிர எதையும் உடுத்தவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை. நாங்கள் வாங்கிக் கொடுத்த கலர்ச் சாறிகளை அக்காமாருக்குக் கொடுத்துவிட்டார். வெள்ளை உடுத்தி, திருநீறு பூசி, அவர் விறாந்தையில் இருந்தால் ஊரில் ஒருவரும் குரலை உயர்த்திப் பேச மாட்டார்கள். அந்த மரியாதையை நான் கண்ணால் பார்த்து வளர்ந்தேன். இப்போது சிலர் அதை அடிமைத்தனம் என்கிறார்கள். அது என் அம்மாவைச் சிறுமைப்படுத்துகிற பேச்சு.

கலியாணவீட்டில் எல்லார் கண்ணும் கலியாணப் பொம்பிளை மேல் இருக்கவேண்டும் என்பதும் என் எண்ணம். அரக்குச் சிவப்பு அதற்குக் கிட்ட வருகிற நிறம். வேறு எத்தனையோ நல்ல நிறம் இருக்கிறது.

பழைய ரீச்சர்:

தம்பி, உங்கள் அம்மா விரும்பி உடுத்தினார் என்றால் அந்த வெள்ளைக்கு நானும் தலை வணங்குகிறேன். அதே விருப்பத்தைத்தான் இந்தப் பிள்ளையின் அம்மாவும் கேட்கிறார்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. இந்த வயதுக்காரிகளில் நானும் ஒருத்தி. ஒரு காலத்தில் ஊரில் புது மாதிரி எதுவும் ரீச்சர்மாரிடம் இருந்துதான் தொடங்கும். மணிப்புரிச் சாறி வந்தபோது நாங்கள்தான் முதலில் உடுத்தினோம். வொயில் சாறிக்குக் கஞ்சி போட்டு, சிரட்டைக்கரிப் பெட்டியால் மினுக்கி, கொய்யகம் (சாறியின் முன் மடிப்பு) கத்தி மாதிரி நிற்க சைக்கிளில் போவோம். எந்தச் சாறிக்கு எந்தச் சட்டை என்று பெண்பிள்ளைகள் வகுப்பில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்குப் போய்த் தாயிடம் சொல்லுவார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை தாய் அதே கரையில் ஒன்று கட்டிக்கொண்டு கோயிலுக்கு வருவார்.

அதற்குப் பிறகு 1990 வந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் சவர்க்காரமே கிடைக்கவில்லை. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். வெள்ளை மஞ்சளாகும், மற்ற நிறமெல்லாம் ஒரே மாதிரி மங்கிப்போகும். யாரும் புதிதாக எதுவும் எடுக்கவில்லை. எடுத்தாலும் உடுத்த மனம் வராது. செத்தவீடு இல்லாத ஒழுங்கை இருக்கவில்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில் சண்டைக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, உடுத்த சீலையோடும் ஒரு பையோடும் போனவர்கள் நாங்கள். அலுமாரியில் விட்டுவிட்டுப் போனது திரும்பி வரும்போது இருக்கவில்லை.

வயதைக் கணக்குப் பண்ணிப் பாருங்கள். 1990இல் முப்பத்தைந்து வயதாக இருந்தவருக்கு 2025இல் எழுபது. ஒரு பெண் தன் கையில் சம்பளமும் உடம்பில் தென்பும் வைத்துக்கொண்டு ஆசைப்பட்டு உடுத்துகிற வயது முழுவதும் பதுங்குகுழிக்கும் கியூவுக்கும் போய்விட்டது. முப்பதில் உடுத்தியிருக்க வேண்டியதை இப்போது உடுத்துகிறோம். "வயசுக்குத் தகுந்த மாதிரி" என்று எங்களிடம் சொல்லுகிறவர்கள், அந்த வயதில் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று ஒருக்கா யோசிக்கவேண்டும்.

ஸ்காபரோ குளிர்:

ரீச்சர் எழுதினதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணாவுக்குக் காட்ட வேண்டும் என்றால் நியூயோர்க்கில் இருந்த ஐரிஸ் அப்ஃபெலின் படங்களைக் காட்டுங்கள். 1921இல் பிறந்தவர், கணவரோடு சேர்ந்து துணி வியாபாரம் செய்தவர். முகத்தில் பாதியை மறைக்கிற வட்டக் கறுப்புக் கண்ணாடி, முழங்கை வரைக்கும் காப்பு, பழைய சாமான் சந்தையில் வாங்கின மலிவு மணியும் விலை கூடின உடுப்பும் ஒன்றாக. 2005இல் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகம் அவருடைய உடுப்புகளை வைத்தே ஒரு கண்காட்சி நடத்தியது. அப்போது அவருக்கு 84 வயது. 97 வயதில் ஒரு மொடலிங் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. 2024 மார்ச்சில் 102 வயதில் இறக்கும்வரை அப்படியேதான் உடுத்தினார்.

வெள்ளைக்காரிக்குச் சரி, எங்களுக்குச் சரிவராது என்பார்கள். அவர்களுக்குப் பாடகி உஷா உதூப் இருக்கிறார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1969இல் சென்னையில் ஒரு இரவு விடுதியில் பட்டுச் சாறியும் பூவுமாக மேடை ஏறினார். இன்றைக்கும் அதே காஞ்சிபுரம், நெற்றி நிறையப் பொட்டு, காலில் சாறிக் கரை வைத்துத் தைத்த சப்பாத்து. சாறிக்குக் கீழே சப்பாத்துப் போடுகிற அம்மா தனி ஆள் இல்லை.

நாவல்மரம்:

எல்லாருக்கும் கைதட்டல் கிடைக்காது என்பதையும் சொல்லவேண்டும். கேரள நடிகை ரஜினி சாண்டி 69 வயதில் ஜீன்ஸும் கவுனும் போட்டுப் படம் எடுத்து வெளியிட்டபோது, இணையத்தில் அவரை எவ்வளவு கேவலமாக எழுதினார்கள் தெரியுமா? "வீட்டில் இருந்து பைபிள் வாசி" என்கிற அளவுக்குப் போனது. எங்கள் ஊர்ப் பக்கங்களில் வருகிற பின்னூட்டங்களும் அதற்குக் குறைவில்லை. அம்மாவின் படத்தைப் போடுவதென்றால் பின்னூட்டத்தை மூடிவிட்டுப் போடுங்கள், அவர் கண்ணில் படத் தேவையில்லை.

ஊசிநூல் (சுன்னாகம்):

தையல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் வேலையே அது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வயதானவர்களுக்குச் சட்டை பொருந்தாமல் போவதற்கு முதல் காரணம் அளவுச் சட்டை. பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முந்தின சட்டையைத் தந்து, "இதே அளவு" என்பார்கள். வயது போகப் போகத் தோள் முன்னுக்கு வரும், முதுகு கொஞ்சம் வளையும். அப்போது முதுகுப் பக்கத்துக்கு நீளம் கூட வேண்டும், முன் பக்கத்துக்குக் குறைய வேண்டும். பழைய அளவில் வெட்டினால் பின்னுக்கு மேலே ஏறும், முன் கழுத்துத் தொங்கிப் பிளந்து நிற்கும். பிறகு அவர்கள் தங்கள் உடம்பைக் குறை சொல்லுவார்கள். குறை வெட்டில்தான் இருக்கிறது. எப்போதும் புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள், முதுகு நீளத்தையும் முன் நீளத்தையும் தனித்தனியாக.

தோள் மூட்டு இறுகினவர்களுக்குப் பின் கொக்கி வேண்டவே வேண்டாம், முன்னால் திறக்கவேண்டும். விரல் நோ இருந்தால் கொக்கிக்குப் பதிலாக அழுத்திப் பூட்டுகிற பொத்தான் வைக்கலாம், வெளியே பார்வைக்குப் பெரிய மரப் பொத்தானோ வெள்ளிப் பொத்தானோ சும்மா தைத்துவிடலாம். அது எடுப்பாகவும் இருக்கும். கையைத் தூக்கக் கஷ்டம் என்றால் கமக்கட்டில் ஒரு சிறு சதுரத் துண்டு சேர்த்துத் தைப்பேன், இறுக்கமான கை என்றாலும் கொடியில் உடுப்புக் காயப்போடலாம். உள்பாவாடைக்கு நாடா போட்டு ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் தோல் கறுத்துப் புண்ணாகும். அகலப் பட்டி வைத்துப் பக்கத்தில் கொக்கி போடுங்கள். கொய்யகம் பிடிக்க ஏலாதவர்களுக்குக் கொய்யகத்தை மடித்துத் தைத்தே கொடுக்கிறேன்.

இன்னொன்று. வயதானவர்கள் மகளோடோ மருமகளோடோதான் வருவார்கள். நான் அம்மாவிடம் கேட்பேன், மகள் பதில் சொல்லுவார். "கழுத்து ஏத்தமா வையுங்கோ, கை முழங்கை மட்டும், கலர் கொஞ்சம் மட்டாப் பாருங்கோ." அதனால் அளவெடுக்கும்போது மகளை வெளியில் இருக்கச் சொல்லிவிடுவேன். திரைச்சீலையை இழுத்துவிட்டதும் அம்மாவின் கை மேசையில் கிடக்கிற துணிகளுக்குப் போகும். போன கிழமை ஒருவர் மயிற்கழுத்து நீலத்தைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது எனக்கு எடுபடுமோ?" என்று மெதுவாகக் கேட்டார். வெள்ளை முடிக்கு அந்த நீலம் எப்படி நிற்கும் தெரியுமா! கறுப்பு முடிக்குக் கூட அப்படி வராது.

கிளுவைவேலி:

ஊசிநூல் அக்கா, அளவெடுக்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நான் வெளியிலேயே இருக்கிறேன்.

வெள்ளைத் தொப்பி:

நான் தாதியாகக் கண் வாட்டில் வேலை செய்தவள். வயதானவர்கள் ஏன் திடீரென்று பளிச்சென்ற நிறம் தேடுகிறார்கள் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். வெண்புரை முற்றும்போது கண்ணின் வில்லை மஞ்சளாகிப் பழுப்பாகும். நீலமும் ஊதாவும் உள்ளே சரியாகப் போகாது. மெல்ல மெல்ல நடப்பதால் அவர்களுக்கே தெரியாது. ஒப்பரேசன் முடிந்து மறுநாள் கட்டு அவிழ்க்கும்போது, வெள்ளைச் சுவரையும் எங்கள் உடுப்பையும் பார்த்துத் திகைப்பார்கள். ஒரு அம்மா தான் கட்டியிருந்த சீலையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது சாம்பலெண்டெல்லே எடுத்தனான், நீலமெல்லோ!" என்றார். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால், மறு கண்ணை மூடி இந்தக் கண்ணால் என்று மாற்றி மாற்றி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டை பற்றியும் ஒரு சொல். கறுப்பு டைகளில் பெரும்பாலும் பரா பினைலீன் டையமீன் என்ற இரசாயனம் இருக்கும். வருசக் கணக்காகப் பாவித்தவர்களுக்கும் ஒருநாள் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நெற்றி, காது, கண் இமை எல்லாம் வீங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டை அடிக்க விரும்புகிறவர்கள் ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் பூசி 48 மணித்தியாலம் பார்த்துவிட்டு அடியுங்கள். விடுகிறவர்களை "கிழடு தட்டிப்போச்சு" என்று சொல்லித் திரும்ப அதற்குள் தள்ளாதீர்கள்.

பனங்கூடல்:

எல்லாரும் விதவை, வயது என்று பேசுகிறீர்கள். யாழ்ப்பாணத்தில் யார் எதை உடுத்தலாம் என்ற கதையில் சாதியைச் சொல்லாமல் போகமுடியாது.

ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் சட்டை போடக்கூடாது, தங்கத் தோடு போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது என்று தடுத்து வைத்திருந்த ஊர்கள் இவை. கடந்த நூற்றாண்டிலும் அது இருந்தது. மீறினவர்களுக்கு அடி விழுந்தது. என் அம்மம்மா சட்டை இல்லாமல், சீலையை மார்புக்குக் குறுக்கே கட்டின குறுக்குக்கட்டோடு வேலைக்குப் போய் வளர்ந்தவர். மூத்த மகனுக்கு உத்தியோகம் கிடைத்த பிறகுதான் அவருக்கு முதல் தோடு வந்தது. அதற்குப் பிறகு ஒருநாளும் அதைக் கழற்றவில்லை. சட்டையும் அப்படித்தான். கையில் லேஸ் வைத்து, தோளில் கொசுவம் வைத்து, அலம்பிக் காயப்போட்டு மடித்து வைத்திருப்பார். கிணற்றடிக்குப் போவதற்கும் அந்தச் சட்டைதான். வயது போன மனுசி ஏன் வீட்டில் இவ்வளவு எடுப்பாக நிற்கிறாள் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர் யாருக்கும் பதில் சொன்னதில்லை. கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளும் லேஸ் சட்டையோடுதான் போனார்.

அடக்கமான உடுப்பு அழகு என்று சொல்லும்போது, யாரை யார் அடக்கினார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மூன்றாம் குறுக்குத்தெரு:

உறுதி எழுதுகிற நொத்தாரிசு ஒருவரிடம் நெடுங்காலம் வேலை செய்தவன். நகை விசயத்துக்கு மட்டும் பதில்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் வருகிற பெண்ணுக்குத் தன் சொத்துத் தனிச்சொத்து. ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் வந்த வழமை அது. பிறகு 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதை இன்னும் தெளிவாக்கியது. காணி, வீடு விற்பதற்குத்தான் மனைவி கணவரின் எழுத்துமூலச் சம்மதம் பெறவேண்டும். நகை போன்ற அசையும் சொத்துக்கு அதுவும் தேவையில்லை. கணவர் உயிரோடு இருக்கும்போதே இப்படி என்றால், மகன் எந்தக் கணக்கில் மறிக்கிறார்? அவருடைய அட்டியல், அவர் உருக்கலாம்.

உருக்கும்போது கவனமாக இருக்கவேண்டும். பழைய அட்டியலில் கல்லுக்குக் கீழே அரக்கு இருக்கும். கல்லையும் அரக்கையும் எடுத்த பிறகு, உங்கள் கண் முன்னால் நிறுக்கச் சொல்லுங்கள். உருக்குவதும் முன்னால் நடக்கட்டும். உருக்கின கட்டியை மாற்றுப் பார்த்து, எத்தனை பவுண், எத்தனை கரற் என்று எழுதி வாங்குங்கள். ஒரு பவுண் எட்டுக் கிராம். பழைய நகையில் பொடி வைத்து ஒட்டின இடம் நிறைய இருந்தால் 22 கரற்றுக்குக் கீழே வரும், பத்தர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகவேண்டாம். கஸ்தூரியார் வீதியிலும் கன்னாதிட்டியிலும் இரண்டு மூன்று இடத்தில் கூலியும் சேதாரமும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மாதிரியைக் கடதாசியில் கீறி அளவும் எழுதிக் கொண்டுபோனால் நல்லது. அகலக் காப்பு என்றால் பூட்டும் பிணைச்சலும் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். வயதானவர்களின் கைமொழியில் வளையமாகக் காப்பு ஏற்றி இறக்குவது கஷ்டம்.

பருத்தித்துறைக் காற்று:

எல்லாவற்றையும் வாசித்தேன். நகையில் அண்ணாவுக்கு உரிமை இல்லை என்பதை ஏற்கிறேன், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. பனங்கூடல் எழுதினது என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. மணவறைக்கு முன்னால் சிவப்பு என்பதில் மட்டும் என் மனம் இன்னும் இளகவில்லை. பொம்பிளையிடம் ஒருக்கா கேட்டுப் பாருங்கள். அவருடைய நாள் அது.

கிளுவைவேலி:

அது நியாயமான யோசனை அண்ணா. நேற்றே கேட்டுவிட்டேன். "மாமி சிவப்போட வராட்டித்தான் எனக்குக் கோவம் வரும்" என்று பொம்பிளை சொல்லிவிட்டாள். பெரியம்மாவிடம் அவளே பேசுகிறாளாம்.

பழைய ரீச்சர்:

நல்ல பிள்ளை. 2022இல் சில ஆசிரியைகள் சாறி இல்லாத உடுப்போடு பாடசாலைக்குப் போனபோது நாடே இரண்டாகி நின்று வாதாடினது ஞாபகம் வருகிறது. அப்போதும் உடுத்துகிறவர்களைத் தவிர மற்ற எல்லாரும் கருத்துச் சொன்னார்கள். எனக்குச் சாறி பிடிக்கும், சாகும்வரை உடுத்துவேன். முழங்கால் நோவோடு மாடிப்படி ஏறுகிற ரீச்சருக்கு அதைச் சட்டமாக வைக்க நான் விரும்பமாட்டேன்.

செவ்வரத்தை:

எனக்கு 71 வயது, காரைநகர். பேரன்தான் இதை வாசித்துக் காட்டினான், எழுதுவதும் அவன்தான், சொல்லுவது நான். நான் ஒருநாளும் சல்வார் போட்டதில்லை. குமராக இருந்த காலத்தில் ஊரில் அது இல்லை, பிறகு பிள்ளைகள் போட்டார்கள், நான் தைத்துக் கொடுத்தேன். இப்போது காலையில் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகிறேன், காற்றில் சீலை நிற்காது. கடும் மஞ்சளில் ஒரு சல்வார் போட ஆசை. சோல் (துப்பட்டா) இல்லாமல் போடலாமோ? வயிறு தள்ளி இருக்கிறது, அதுதான் யோசனை.

ஊசிநூல் (சுன்னாகம்):

அம்மா, தாராளமாகப் போடலாம். சோல் காற்றுக்குப் பறந்து உங்களுக்கு இடைஞ்சல்தான். வயிற்றுக்கு யோசிக்க வேண்டாம், மேலுடுப்பை இடுப்பில் ஒடுக்காமல் நேர்வெட்டாக விட்டு, பக்கத் திறப்பை இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் கீழே இருந்து தொடங்கினால் நடக்கும்போது இழுக்காது. நெஞ்சுக்கு இரண்டு மடிப்புத் துணியாக வைத்துவிட்டால் சோலும் தேவையில்லை. கடற்காற்றுக்குப் பருத்திதான் நல்லது, சிந்தெற்றிக் எடுக்காதீர்கள், ஒட்டும். கால்சட்டைக்கு ஒரு பக்கம் பை வைக்கிறேன், போனும் திறப்பும் போட. மஞ்சள் சாயம் முதல் தோய்ச்சலில் கொஞ்சம் போகும், தனியாகத் தோயுங்கள். பெரியகடைப் பக்கம் போனால் இரண்டரை மீற்றரும் இரண்டரை மீற்றருமாக எடுத்து, வெட்டுவதற்கு முன் ஒருக்கா நனைத்துக் காயவைத்து அனுப்புங்கள். பேரனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அளவெடுக்கும்போது அவனும் வெளியில் இருக்கட்டும்.